நோரி பஞ்ச்: மூன்று ஆண்டு மல்லுக்கட்டு

எங்கள் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கும் தோழியின் மகன் வரும் ஏப்ரலில் யோச்சியென், அதாவது ஜப்பானிய மழலையர் பள்ளி, போகப்போகிறான். "அக்கா, அந்த நோரி பஞ்ச் வாங்கலாமா?" என்று சென்ற வாரம் மின்தூக்கியில் கேட்டார். காகிதம்போல் மெல்லிய உலர்ந்த கடற்பாசித் தாள்தான் நோரி; அதில் கண், வாய் வடிவங்களை வெட்டித்தரும் சிறு அழுத்துக் கருவிதான் இந்தப் பஞ்ச். நான்காம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. வாரம் இரண்டு நாள் மகளுக்குப் பென்டோ என்னும் மதிய உணவுப் பெட்டி கட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால், மூன்று ஆண்டுகளாக விடியற்காலையில் அந்தக் கருவியோடு மல்லுக்கட்டியவள் நான்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வளைந்து சிரிக்கும் ஒரு வாயைக் கத்தரிக்கோலால் வெட்டுவதென்பது, தூக்கம் கலையாத கண்களுக்கு ஆகாத காரியம். பஞ்சில் நோரித் துண்டைச் செருகி ஓர் அழுத்து அழுத்தினால் இரண்டு கண்களும் ஒரு வாயும் உள்ளங்கையில் உதிர்கின்றன. வெறும் சோற்று உருண்டை, முகம் வந்ததும் ஓர் ஆளாகிவிடுகிறது. அதைப் பார்த்து மகள் சிரித்த முதல் நாளில், கொடுத்த 500 யென்னும் வசூலாகிவிட்டதாகவே நினைத்தேன்.

அந்த நினைப்பு ஜூன் மாதம் வரைதான் நீடித்தது. வறுத்த நோரியில் நூறு கிராமுக்கு மூன்று கிராம் ஈரம்கூட இருக்காது. அந்த மொறுமொறுப்பு இருக்கும்வரைதான் பஞ்சும் சொன்ன பேச்சைக் கேட்கும். தோக்கியோவில் ட்சுயு என்னும் மழைப்பருவம் தொடங்கிவிட்டால், பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்த சில நிமிடங்களுக்குள் நோரி துணியைப்போலத் துவண்டுவிடுகிறது. துவண்ட நோரியைப் பஞ்ச் வெட்டுவதில்லை, மெல்லுகிறது. ஒரு கண் முழுதாக விழும், மற்றது பாதியில் தொங்கும், வாய் அச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பல்குச்சியால் நோண்டி எடுப்பதற்குள் மணி ஏழேகால் ஆகிவிடும். தண்ணீரில் கழுவலாமென்றால் தகடு துருப்பிடிக்கிறது. நான் ஒருமுறை கழுவியதன் அடையாளமாக அதன் ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு இன்றும் இருக்கிறது. அலுமினியத் தாளைப் பத்துப் பதினைந்து முறை வெட்டினால் கூர்மை திரும்பும் என்பார்கள். திரும்பத்தான் செய்தது, ஒரு வாரத்துக்கு.

இதைவிட என்னை எரிச்சலூட்டியது வேறு. பஞ்சின் வாய்க்குள் நோரி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நுழையாது. முழுத் தாளோ 21-க்கு 19 சென்டிமீட்டர். முதலில் பட்டை பட்டையாக நறுக்கிக்கொள்ளாவிட்டால் ஓரத்தை மட்டும் கொறித்துவிட்டு நடுப்பகுதியை வீணாக்க நேரும். இதை உறையின்மேல் ஒரு வரி அச்சடித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஜப்பானில் நோரி அதிகம் விளையும் அரியாகேக் கடலில் 2022-23 பருவத்து விளைச்சல் பொய்த்து நோரி விலை ஏறியபோது, குப்பைக்கூடையில் கிடந்த ஒவ்வொரு கிழிசலையும் நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டு வாங்கிய முதல் அறுவடை நோரி இந்த வேலைக்கு ஆகவே ஆகாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வாயில் கரையும் அந்த மென்மை, பஞ்சிலும் கரைந்துவிடுகிறது. சற்றே தடித்த மலிவான நோரிதான் சுத்தமாக வெட்டுப்படுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் கருவியின்மேல் போடுவதும் முறையல்ல. ஒருநாள் அவசரத்தில், ஆவி பறக்கும் சோற்றின்மேலேயே பாண்டாவுக்குக் கண்ணும் வாயும் ஒட்டி மூடிவிட்டேன். ஈரத்தை உறிஞ்சிய நோரி சுருங்கி, வாயின் இரு முனைகளும் கீழே இழுபட்டு, கண்ணைச் சுற்றிலும் சுருக்கம் விழுந்துவிட்டதாம். "பாண்டாவுக்கு ஏன்மா வயசாயிடுச்சு?" என்று கேட்டபடிதான் மகள் அன்று காலிப் பெட்டியை நீட்டினாள். அதற்குப் பிறகு, வெட்டிய கண்களை மெல்லிய பாலாடைக்கட்டித் துண்டின்மேல் ஒட்டி, அதைச் சுற்றி நறுக்கி, சோறு கைச்சூட்டுக்கு ஆறியபின் வைக்கிறேன்; சுருங்குவதில்லை. காதுகளை உடைத்த ஸ்பகெட்டிக் குச்சியால் குத்தி நிறுத்தினால், மதியத்துக்குள் அது ஈரம் குடித்து மென்மையாகிவிடும் என்பதையும் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். ஆறாத சோற்றை மூடினால் மூடியில் வேர்த்து முகம் மட்டுமல்ல, சோறே கெட்டுப்போகும் என்பது வேறு கதை.

அரிசியிலும் என் தவறு உண்டு. தொடக்கத்தில் நிஷிகசாய் பகுதி இந்தியக் கடையில் வாங்கிய சோனா மசூரியில் ஒனிகிரி என்னும் சோற்று உருண்டை பிடிக்கப் பார்த்தேன். முகம் ஒட்டுவதற்குள் தலையே உதிர்ந்தது. கோஷிஹிகாரி என்னும் ஒட்டும் ஜப்பானிய அரிசிக்கு மாறி, உப்புநீரில் கையை நனைத்து, இறுக்காமல் மூன்று நான்கு முறை திருப்பிப் பிடிக்கப் பழகியபின்தான் நோரி ஒட்டுவதற்கு ஒரு சமமான பரப்பே கிடைத்தது. நம் வீட்டில் தயிர்சாதத்தைக் கையில் உருட்டிப் போடும் பழக்கத்தை மறந்தால்தான் இந்தப் பிடி கைக்கு வருகிறது. ஒனிகிரி என்ற பெயரே பிடித்தல் என்னும் வினையிலிருந்து வந்ததுதானே.

ஆக, தோழிக்கு நேற்று எழுதிய பதில் இதுதான்: வாங்க வேண்டாம். நுனி கூரான சிறு கத்தரிக்கோலும் ஒரு சாமணமும் போதும். கண்ணுக்கு வட்டம் வேண்டுமென்றால் நோரியை மடித்து வெட்டிக்கொள்ளலாம். மழைப்பருவத்தில் நோரியை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு தகர டப்பாவில் மூடி வைக்கவும். பொறுமையைச் சோதிக்கும் இந்தப் பொருளுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரத்துக்குமேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் உடனே, "அப்படின்னா உங்களோடதைக் கொடுங்கக்கா, உங்க பொண்ணுக்குத்தான் இனி ஸ்கூல்லயே சாப்பாடு போடுவாங்களே" என்று பதில் அனுப்பினார். உண்மைதான், தொடக்கப்பள்ளியில் மதிய உணவு பள்ளியிலேயே கிடைத்துவிடும். ஆனால் சுற்றுலா நாளில் பென்டோ கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். பழையதின் விசை தளர்ந்துவிட்டதென்று, பூனை மீசை அச்சும் சேர்ந்த புதிய பஞ்ச் ஒன்றைச் சென்ற மாதமே வாங்கி வைத்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை.