40,000 வெள்ளிப் பெட்டியும் என் நான்கறை வீடும்

சிங்கப்பூர் அடெல்ஃபி கடைத்தொகுதியில் ஒரு கடையில் 40,000 வெள்ளி ஸ்பீக்கர் ஜோடியைக் கேட்டுவிட்டு, கையேட்டையும் வாங்கி வந்தேன். ஆன்மா, மூச்சு, மௌனம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், விற்பது ஸ்பீக்கரா தியான வகுப்பா என்றே சந்தேகம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், எவ்வளவு தாழ்ந்த ஒலி முதல் எவ்வளவு உச்ச ஒலி வரை எழுப்பும் என்று ஒரே வரி: 20 ஹெர்ட்ஸ் முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒலியளவில் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள்? அதைக் காணோம். அது இல்லாவிட்டால் 20 ஹெர்ட்ஸில் லேசாக முனகினால்கூட இப்படிப் போட்டுக்கொள்ளலாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு சரி, என் வயதில் அதுவும் கிடையாது. மிச்சம் வௌவாலுக்கா?

இந்தப் பக்கம் யமஹா எச்எஸ்8, ஒலிப்பதிவு வேலைக்கான ஸ்பீக்கர். மைனஸ் 3 டெசிபலில், அதாவது ஒலியளவு 3 டெசிபல் குறையும் எல்லையில், 47 ஹெர்ட்ஸ் முதல் 24 கிலோஹெர்ட்ஸ், மைனஸ் 10 டெசிபலில் 38 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. ஜோடி விலை, பெரியதற்குக் கடைக்காரர் சிபாரிசு செய்த கேபிளைவிடக் குறைவு!

சரி, கடையில் பெரியது அசத்தியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே தரையில் கம்பளம், சுவரெல்லாம் திரை, வால்யூமும் தாராளம். ஒரு டெசிபல் கூட்டினாலே காது அதைத் தெளிவு என்று நம்பிவிடும். கண் வேறு இருக்கிறது. 1994இல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் அந்நிறுவன ஊழியர்களையே உட்காரவைத்து, ஸ்பீக்கர்களை மறைத்தும் காட்டியும் கேட்கவைத்தார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன.

என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹால் 4 மீட்டர் அகலம், டைல்ஸ் தரை. அந்த அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே சேர்ந்து முழங்கும். இளையராஜா பாட்டில் நாம் காத்திருந்து கேட்கும் பேஸ் கிட்டார் இருக்கிறதே, அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். பெரியது அங்கே முழு பலத்தோடு இறங்கினால் அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரிதான், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். யமஹா அந்த இடத்தில் தானாகத் தணிகிறது, குறைவதை அறை ஓரளவு நிரப்பிவிடுகிறது.

யமஹாவைத்தான் வாங்கினேன். அழகு என்று சொல்ல எதுவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி பிளக் வேண்டும், இரவில் வீடு அடங்கியதும் உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரில் மெல்லிய இரைச்சல் கேட்கிறது, அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.