காலையில் முரண்டு பிடிக்கும் பழைய டீசல் கார்: ஹீட்டர் பிளக்கா, லைனில் காற்றா?

இண்டிகாவின் 1405 சிசி இன்ஜின் மாதிரியான பழைய ஐடிஐ டீசல்கள் (டீசலை நேரே சிலிண்டரில் விடாமல் பக்கத்துச் சிற்றறையில் தெளிப்பவை) காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், முதல் பழி, ஸ்டார்ட் செய்யுமுன் அந்த அறையைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் மேல்தான் விழும். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள நாலையும் மாற்றிய பிறகும் அதே கதை என்றால், டீசல் லைனில் காற்று ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டு கோளாறும் மேலுக்கு ஒன்றுபோலவே இருக்கும்: இரவெல்லாம் நின்ற வண்டி செல்ஃப் அடித்து அடித்துத்தான் பிடிக்கும், பிடித்துவிட்டால் அன்றைக்குத் தொல்லை இல்லை.

முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதைச் சரிசெய்யாமல் மற்றதைப் பார்ப்பது வீண்.

அடுத்து, ஒருவரைச் சைலென்சர் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு செல்ஃப் அடியுங்கள். கண்ணைக் கரிக்கும் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை, ஹீட்டரைச் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் பம்ப்பில் உள்ள ஸ்டாப் சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு லைனுக்குப் போங்கள். ஹீட்டர் கோளாறில் வண்டி பிடித்ததும் சில நொடி மிஸ் அடித்துக் குலுங்கி, பிறகு சீராகும். காற்றுக் கோளாறில் பிடித்து, இரண்டு நொடி ஓடி, அணைந்துவிடும். முகம் மேட்டைப் பார்த்து நிறுத்திய மறுநாள் மோசம், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் பரவாயில்லை என்றால் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. பிளக்குக்கு மேடு பள்ளம் தெரியாது.

பிளக்கைச் சோதிக்க, நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அளவு எல்லாம் கலந்து வரும். நல்ல பிளக் ஏறக்குறைய 0.5 முதல் 1.5 ஓம் காட்டும். மலிவான மீட்டரின் வயரே 0.3 ஓம் காட்டக்கூடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நாலும் நன்றாக இருந்தால் பட்டையை மாட்டி, சாவி ஹீட் நிலையில் இருக்கும்போது வோல்ட் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். சமவெளி வெயிலில் ஒரு பிளக் செத்தாலும் தெரியாமல் ஓடும். ஊட்டி மார்கழியில் இரண்டு போனாலே வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும். கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். உள்ளே ஒடிந்தால் ஹெட்டை இறக்கவேண்டி வரலாம். நுனி கருகி உருகியிருந்தால் டீசலைத் தெளிக்கும் நாசில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் போட்ட புதுப் பிளக்கும் சீக்கிரம் போகும்.

காற்றைப் பிடிக்க, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டுங்கள். முதலில் ஓரிரு குமிழி போவது சகஜம், தொடர்ந்து போனால் ஓட்டை. உறிஞ்சும் பக்கம் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே சொட்டவேண்டும் என்றில்லை. அதனால்தான் ஈரத்தைத் தேடுபவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கே என்று அறிய கேன் சோதனை: ஒரு லிட்டர் டீசல் கேனை பம்ப்பைவிடத் தாழ்வாக, அசையாமல் கட்டி, ஃபில்டருக்கு வரும் ஹோஸையும் மிச்ச டீசலைத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதில் விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஒரே அடியில் பிடித்தால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். பிடிக்காவிட்டால் பிரைமர் (கையால் அமுக்கி டீசல் ஏற்றுவது) ரப்பர், தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ-ரிங், செம்பு வாஷர், நாசில் மேலுள்ள ரிட்டர்ன் டியூப் எல்லாவற்றையும் மாற்றுங்கள். செலவு குறைவு.

இரண்டும் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போடவேண்டியதுதான்; 20 பாருக்குக் கீழே இருந்தால் ரிங்கோ வால்வோ.

சட்டென்று தீப்பற்றும் ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். ஹீட்டர் சூடாக இருக்கும்போது அடித்தால் நேரம் தவறித் தீப்பிடித்து ரிங், பிஸ்டன் உடையலாம்.