ஆண்ட்ராய்டு ஆட்டோ: கேபிளா, கம்பியில்லா இணைப்பா?

கைபேசியின் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் வசதியான ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டு முறைகளிலும் ஒன்றுபோலவே இருந்தாலும், அது அங்கே வந்துசேரும் வழி வேறு. கேபிளைச் செருகினால் தரவும் மின்சாரமும் ஒரே பாதையில் செல்கின்றன. கம்பியில்லா முறையில், புளூடூத் கைபேசியையும் காரையும் அறிமுகம் செய்துவைத்து, அழைப்புகளைக் கடத்துவதோடு சரி. அதன்பின் வரைபடமும் பாட்டும் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாகவே திரைக்குப் போகின்றன. வைஃபையை அணைத்துவிட்டு, அழைப்புகள் மட்டும் வருகின்றனவே, வரைபடம் ஏன் வரவில்லை என்று குழம்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆண்ட்ராய்டு 11 முதற்கொண்டு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொண்ட பெரும்பாலான கைபேசிகள் கம்பியில்லாமல் இணைகின்றன. காரில் கேபிள் வசதி மட்டுமே இருந்தால், யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய அடாப்டர் அந்தக் குறையைத் தீர்க்கும்.

சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுக்காமலேயே வண்டியைக் கிளப்பலாம் என்பதால், கடைத்தெருவரை போய்வரக் கம்பியில்லா முறைக்கே என் ஓட்டு. நெடும்பயணத்தில் கதை மாறுகிறது. ஜிபிஎஸ்ஸும் வைஃபையும் இடைவிடாது இயங்க, வெயிலில் கிடக்கும் கைபேசி கையில் சுடும். சார்ஜ் சரசரவென்று இறங்கும். வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் சூடு இன்னும் ஏறும். அப்போது கேபிளே மேல், ஆனால் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள் இதற்கு உதவாது; தரவையும் கடத்தும் கேபிளாக, இயன்றவரை குட்டையானதாக, வாங்க வேண்டும்.