கணினியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கடைக்காரனின் அப்பாவும் நானும் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவன் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். ரங்கூனில் நம்மவர்கள் எத்தனை பேர், அதில் கணினி பழுது பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கண்டுபிடித்தால் உங்கள் சாமர்த்தியம். நான் சொல்ல வந்தது நடந்ததை மட்டும்.

அனவ்ரதா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் சின்னதாக ஓர் அச்சு வேலைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. தமிழிலும் பர்மிய மொழியிலும் செய்து கொடுப்பேன். இருப்பது ஒரே கணினி. 2017-இல் வாங்கியது. கணினியின் மூளையான பிராசஸர் இன்டெல் ஐ3-6100, வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் ராம் 4 ஜிபி இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கிய புதிதில் ஓடியது. இரண்டு மூன்று ஆண்டுகளாகக் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும் என்ற நிலை. டீக்குப் பிறகு, பத்திரிகை வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருளைத் திறக்க இன்னொரு டீ.

திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கடைகள் திறந்த வாரம் அவனிடம் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சித்தப்பா, ஐ3 எல்லாம் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது. இதே மதர்போர்டில் ஐ7 உட்காரும். பழையதுதான், ஆனால் சுத்தமான சரக்கு" என்றான். விலை 2 லட்சத்து 80 ஆயிரம் கியாட். ஐ7 என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். நாலு பேர் கேட்டால் ஐ7 வைத்திருக்கிறேன் என்று சொல்லலாமே. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

கொண்டுவந்து மாட்டிய முதல் இரண்டு மூன்று நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தொடங்கியது. விசைப்பலகையில் ஒரு வரி தட்டிவிட்டு நிமிர்ந்தால் திரையில் முதல் சொல் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். சுட்டியை இழுத்தால் அம்புக்குறி தயங்கித் தயங்கி வரும். ஐ3 இருந்த காலத்தில் மெதுவாகத் திறந்தாலும், திறந்த பிறகு வேலை நடக்கும். இப்போது திறந்தும் பயனில்லை. உள்ளே ஃபேன் மட்டும் ஈ மொய்ப்பதுபோல் விடாமல் இரைந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திரும்பக் கொண்டுபோனேன். வைரஸ் என்றான். மறுநாள் எடுக்கப் போனபோது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அதற்கு 15 ஆயிரம். கோப்புகள் டி டிரைவில் இருந்ததால் பிழைத்தன. ஆனால் எழுத்துருக்கள் போய்விட்டன. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி வகையறா எல்லாம். வைகாசி விசாக நோட்டீஸைத் திறந்தால் முருகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி. பர்மிய வேலைகளிலும் அதே கதி. இங்கே 2019 அக்டோபரில் அரசு யூனிகோடுக்கு மாறியதற்கு முன்பு செய்த கோப்புகள் எல்லாம் பழைய ஸாஜி எழுத்துருவில் இருக்கின்றன, அந்த எழுத்துருவும் இல்லை. தெரிந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க ஒரு வாரம் ஆயிற்று. கோயில்காரர்கள் காத்திருக்க முடியாமல் நோட்டீஸை வேறு அச்சகத்தில் அடித்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு கணினி பழையபடி நத்தையாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை போனேன். திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். "பாருங்கள் சித்தப்பா, ராம் 4 ஜிபிதான் இருக்கிறது. ஐ7-க்கு இது எப்படிப் போதும்?" எனக்கு 8 என்றுதான் நினைவு. ஆனால் வாங்கிய பில் எங்கே போயிற்றோ. அறுபதைத் தாண்டியவனுக்குத் தன் நினைவின் மேல் நம்பிக்கை குறைவு. சரி, ஒன்று போடப்பா என்றேன். 4 ஜிபி, 45 ஆயிரம் கியாட். பில் கேட்டபோது முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் எழுதிக் கொடுத்தான். அந்தத் துண்டுத் தாளைப் பத்திரமாக வைத்ததுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அப்போதும் சரியாகவில்லை. நான்காவது முறை அவன் சொன்ன காரணம், ரங்கூனில் இருக்கும் எவனும் தலையாட்டிவிடும் காரணம். கரண்ட். "வோல்டேஜ் குறைவு சித்தப்பா, பிராசஸர் முழு வேகம் எடுக்காது. நல்ல இன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள்." எங்கள் தெருவுக்கு முறை வைத்துக் கரண்ட் வருகிறது, வரும்போதும் பல்பு மங்கி எரிகிறது. அதனால் நானும் பாதி நம்பிவிட்டேன். இது முழுப் பொய் என்று பிறகு தெரிந்தது. மேசைக் கணினியில் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பவர் சப்ளை பெட்டி 12 வோல்ட், 5 வோல்ட் போன்ற குறைந்த அளவுகளுக்கு மாற்றித்தான் உள்ளே அனுப்புகிறது. வெளியே மிகவும் குறைந்தால் கணினி அணைந்துபோகும், அல்லது தானாக மறுபடி தொடங்கும். இப்படி மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்காது. மடிக்கணினி என்றால் கதை வேறு. சிலவற்றில் சக்தி குறைந்த சார்ஜரைச் செருகினால் பிராசஸரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் பெட்டி மடிக்கணினி இல்லையே. இன்வெர்ட்டரும் அவன் கடையில் விற்பனைக்கு இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் அக்கா மகன் சிங்கப்பூரில் இதே துறையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது புலம்பினேன். "மாமா, கரண்ட் இருக்கிறதா? கணினியைப் போட்டுவிட்டு, செல்போனைத் திரைப்பக்கம் திருப்புங்கள்" என்றான். கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னான். அதில் பிராசஸர் பக்கத்தில் இரண்டு வேகங்கள் தெரியும். ஒன்று அடிப்படை வேகம், ஐ7-6700-க்கு 3.4 கிகாஹெர்ட்ஸ். மற்றது அந்த நொடியில் ஓடும் வேகம். வேலை இருக்கும்போது அது 3.4-க்கு மேலே போக வேண்டும், 4 வரைகூடத் தொடலாம். என் திரையில் 0.79. அடிப்படை வேகத்தில் கால் பங்குகூட இல்லை. பிராசஸர் நூறு சதவீதம் வேலை செய்கிறது என்றும் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வெப்பம் காட்டும் ஒரு மென்பொருளை அனுப்பினான். 100 டிகிரி.

"மாமா, இது மெதுவாக ஓடவில்லை. வெந்துபோகாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது" என்றான். இந்தப் பிராசஸர்கள் 100 டிகிரியைத் தொட்டால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும், 800 மெகாஹெர்ட்ஸ் வரை. முதல் மூன்று நிமிடம் நன்றாக ஓடியதற்கும் காரணம் இதுதான். சூடேற அவ்வளவு நேரம் பிடித்தது.

கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசஸரின் மேல் ஃபேனோடு சேர்ந்த அலுமினியத் துண்டு இருக்கும், நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொரு காலும் மதர்போர்டின் ஓட்டைக்குள் அழுந்தி, டக் என்று சத்தம் கேட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாட்டியிருந்தன. நான்காவதன் நுனி உடைந்து சும்மா நின்றது. அந்த மூலையில் அலுமினியம் பிராசஸரைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பசை புதிதாகத் தடவவே இல்லை. 2017-இல் தடவியது காய்ந்து, நெற்றியில் உலர்ந்த திருநீறு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐ3 51 வாட், ஐ7 65 வாட். அதிகம் சூடாகும் பொருளை வாங்கி, முன்பைவிட மோசமாகக் குளிரவைத்திருக்கிறேன், காசு கொடுத்து.

"ராம் இரண்டையும் காட்டுங்கள், ஒரே வகையா என்று பார்க்கலாம்" என்றான் மருமகன். கழற்றினேன். கழற்றியவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன ஆயுதபூஜைக்குத் தூசி தட்டப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். சந்தனம் ஈரம், உள்ளே வேண்டாம் என்று தடுத்தேன். ஆசைக்குக் கொஞ்சம் குங்குமம் மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். (கணினிக்குள் குங்குமமா என்று மருமகன் இன்றுவரை திட்டுகிறான். தூள் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். இருக்கட்டும்.) இரண்டு ராமின் வெள்ளை லேபிளிலும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தாள். இப்போது என் கையில் இருந்த பழைய ராமில் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது. 45 ஆயிரம் கொடுத்து வாங்கிய புதிய ராமைத் திருப்பினால், துடைத்த அடையாளம். துடைத்தவன் அவசரக்காரன். லேபிளின் ஓரத்தில் குங்குமக் கறை ஊறிப்போயிருந்தது.

என் வீட்டுக் குங்குமம். முதல் நாளே ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அதையே எனக்கு விற்றிருக்கிறான்.

ராமையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். மனைவியும் கூட வந்தாள், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அவன் லேபிளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கடைப் பையன் மாற்றி வைத்திருப்பான் சித்தி" என்றான். அவள் ஒன்றும் பேசாமல் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள். 45 ஆயிரம் உடனே வந்தது. விண்டோஸ் போட்ட 15 ஆயிரம் வரவில்லை, அது உழைப்புக்கான கூலியாம். நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிராசஸர் போலி இல்லை. சிபியு-இசட் என்ற மென்பொருளில் மருமகன் சரிபார்த்தான், ஐ7-6700தான். அதில் அவன் ஏமாற்றவில்லை.

வேறு ஒரு கடையில் 25 ஆயிரத்துக்குப் புதிய கூலரும் (ஃபேனும் அலுமினியத் துண்டும் சேர்ந்தது) பசையும் வாங்கினேன். பட்டாணி அளவு பசையை நடுவில் வைத்து, கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். நான்கு டக் சத்தம். இப்போது சும்மா இருக்கும்போது 40 டிகிரி, வேலை ஓடும்போது 72.

ஆனால் காலையில் திரை தெளிய இன்னமும் ஒரு டீ நேரம் ஆகிறது! மறுபடி டாஸ்க் மேனேஜர். பிராசஸர் 9 சதவீதம், ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். அதாவது தொடக்கத்திலிருந்தே குற்றவாளி அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க். ஐ3 பாவம், அது தகவலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்றை, 240 ஜிபி, 95 ஆயிரம் கியாட்டுக்குப் போட்டதும் அரை நிமிடத்தில் எழுந்து நிற்கிறது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஐ7 தேவைப்பட்டே இருக்காது. இது தெரியாமல் விற்றானா, தெரிந்தே விற்றானா என்பது அவன் மனசாட்சிக்கும் முனீஸ்வரருக்கும்தான் வெளிச்சம்.

உங்கள் கணினி மெதுவாக இருந்தால், கடைக்கு எடுத்துப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர், மெமரி (ராம்தான்), டிஸ்க் மூன்றில் எது நூறில் நிற்கிறது என்று பாருங்கள். மெமரி பக்கத்தில் மொத்தம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்பதும் இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து ராம், டிஸ்க் லேபிள்களையும் படம் எடுங்கள். எல்லாரும் குங்குமம் வைக்க முடியாது. பிராசஸர் மாற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள், புதுப் பசை தடவுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். மாட்டிய பிறகு கடையிலேயே கால் மணி நேரம் ஏதாவது கனமான வேலையை ஓட்டி, வேகம் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். முதல் இரண்டு நிமிடத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், நான் அப்படித்தான் பட்டேன்.

இன்னொன்று. கழற்றிய பழைய பிராசஸரைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. என் ஐ3 இன்னும் அவன் கடையில்தான் இருக்கிறது. மூன்று முறை போய்க் கேட்டுவிட்டேன். நாளைக்கு எடுத்து வைக்கிறேன் சித்தப்பா என்கிறான். இந்த வியாழக்கிழமை மனைவியை அனுப்பப்போகிறேன்.