கான்டோ இன்சூரன்ஸ்: நான் போன ஏஜென்சி எப்படி?

என் கான்டோ வீட்டுக்கு (பல வீடுகள் உள்ள கட்டடத்தில் நமக்கென்று சொந்தமான வீடு) இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜென்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரீமியம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர்கள் சங்கத்தின் மாஸ்டர் பாலிசியும் (முழுக் கட்டடத்துக்கும் சங்கம் எடுத்திருப்பது) பைலாவும் (சங்கத்தின் விதிமுறைகள்) வேண்டும் என்று கேட்டார்கள் பாருங்கள், அங்கேயே எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஆன்லைனில் நான் பார்த்த இடங்களில் பரப்பளவையும் சாமான்களின் மதிப்பையும் மட்டும் கேட்டுவிட்டு உடனே ஒரு தொகையைச் சொன்னார்கள். அதை மட்டும் வைத்து கான்டோவுக்குச் சரியான பாலிசி போடவே முடியாது.

கட்டடத்துக்குச் சங்கம் எடுத்த பாலிசி எங்கே நிற்கிறதோ, நம்முடையது அங்கிருந்து தொடங்க வேண்டும். சில சங்கங்களின் பாலிசி வெறும் சுவரோடு நின்றுவிடும். தரை, சமையலறை அலமாரி, குளியலறை எல்லாம் நம் தலையில்தான். சிலவற்றில் பில்டர் முதலில் போட்டுக் கொடுத்தது வரை சேரும், ஆனால் பிற்பாடு யாராவது காசு செலவழித்துப் போட்ட மரத்தரை சேராது. ஏஜென்ட் பைலாவில் அந்தப் பகுதியைத் தேடி எடுத்து, வீட்டில் எதெல்லாம் மாற்றியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதற்கேற்ப உள்வேலைக்கான தொகையைக் கூட்டினார்.

அப்புறம் லாஸ் அசெஸ்மென்ட். தீ விபத்திலோ புயலிலோ பொதுப்பகுதி சேதமாகி, மாஸ்டர் பாலிசியின் டிடக்டிபிளை (கம்பெனி பணம் கொடுக்கும் முன் பாலிசி எடுத்தவரே ஏற்க வேண்டிய தொகை) சங்கம் எல்லா வீட்டுக்காரர்களிடமும் பங்கு போட்டு வசூலித்தால், நம் பங்கைக் கொடுப்பது இந்தக் கவரேஜ்தான். பாலிசியோடு தானாக வருவது பெரும்பாலும் சின்னத் தொகை, டிடக்டிபிள் எவ்வளவு என்று பார்த்து அதை உயர்த்திக்கொள்ள வேண்டும். வயதாகி ஒழுகும் கூரையை மாற்ற வசூலிக்கும் பணத்துக்கு இது உதவாது என்பதையும் அவரே சொன்னார். வடிகால் தண்ணீர் எதிர்த்து வீட்டுக்குள் வருவதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும், வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் வேறு பாலிசி பார்க்க வேண்டும் என்பதையும் கேட்காமலே விளக்கினார்.

கிளெய்ம் விஷயத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. பாத்திரம் கழுவும் மெஷினின் குழாய் விட்டுப்போய்த் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங் வரை இறங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரருக்கு லயபிலிட்டி கவரேஜில் (நம்மால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கானது) சீக்கிரமே பணம் போய்விட்டது, அது பெரிய நிம்மதி. என் தரைக்குத்தான் இழுத்தடித்தார்கள். கம்பெனியில் ஆள் மாறும்போதெல்லாம் அதே போட்டோக்களைத் திரும்பக் கேட்டார்கள், இது திடீர்க் கசிவா, பல நாளாகக் கசிந்ததா என்று குடைந்தார்கள் (பல நாள் கசிவு என்றால் பொதுவாகப் பணம் கிடைக்காது). பிளம்பர் எழுதிக் கொடுத்த அறிக்கையும் ஏஜென்ட் விடாமல் பேசியதும்தான் கைகொடுத்தன. தேய்மானம் கழிக்காமல் புதுசுக்கான விலையைக் கொடுக்கும் பாலிசி என்பதால் வந்த தொகையில் குறை சொல்ல முடியாது.

சொந்தமாகக் குடியிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு வேறு வகைப் பாலிசி வேண்டும், இவர்கள் அதைச் செய்வதில்லை.