ஆக்சஸ் பேக் எண்ட் இடம் மாறினால்: டேபிள்களை மறுபடி இணைக்க எந்த வழி?

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் பயன்பாட்டை, ஃபார்ம்களும் நிரலும் உள்ள ஃப்ரண்ட் எண்ட், தரவு உள்ள பேக் எண்ட் என்று இரண்டு கோப்புகளாகப் பிரித்தபின், ஃப்ரண்ட் எண்டில் உள்ள ஒவ்வொரு லிங்க்டு டேபிளும் (பேக் எண்டில் உள்ள டேபிளுக்கான இணைப்பு) பேக் எண்ட் கோப்பின் முழுப் பாதையையும் தன் 'கனெக்ட்' பண்பில் வைத்திருக்கும். 'நான் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடு' என்று அதனிடம் சொல்ல வழியில்லை. சர்வர் மாறினால், கோப்போ பாதையோ கிடைக்கவில்லை என்னும் 3024 அல்லது 3044 பிழை வரும்.

இந்தப் பாதைகளை மாற்ற ஆக்சஸிலேயே உள்ள லிங்க்டு டேபிள் மேனேஜர், பயன்பாட்டை உருவாக்குபவருக்குப் போதுமான கருவி. பயனரிடம் அதை விடக்கூடாது. ஆக்சஸ் ரன்டைம் (பயன்பாட்டை ஓட்ட மட்டும் உதவும் பதிப்பு) மட்டும் உள்ள கணினியில் அந்த மெனுவே தெரியாது. அங்கே ஆக்சஸின் நிரல்மொழியான விபிஏ-வில் எழுதிய நிரல்தான் வழி.

நிரலிலும் இரண்டு பாணி உண்டு. ஒன்று, லிங்கை அழித்துவிட்டு டிரான்ஸ்ஃபர்டேட்டாபேஸ் கட்டளை மூலம் புதிதாக உருவாக்குவது. பாதியில் நெட்வொர்க் போனால் அழித்த லிங்க் போனதுதான். அழிக்க மறந்தால் பழைய பெயரோடு 1 சேர்ந்து இன்னொரு டேபிள் முளைக்கும். ஃபார் ஈச் சுழலுக்குள் அழித்துக்கொண்டே போனால் சில டேபிள்கள் விடுபடும். மூல டேபிளின் பெயரே மாறும்போது மட்டும் இந்த வழி தேவை; இருக்கிற லிங்கில் 'சோர்ஸ்டேபிள்நேம்' பண்பை மாற்ற முடியாது.

மற்றது, கனெக்ட் பண்பில் புதுப் பாதையை எழுதி 'ரெஃப்ரெஷ்லிங்க்' அழைப்பது. எங்கள் தேர்வு இதுதான். திறந்திருக்கும் தரவுத்தளத்தைத் தரும் கரன்ட்டிபி-யை முதலில் ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வரியில் அதன் வழியாக டேபிள்டெஃபை (ஒரு டேபிளைக் குறிக்கும் பொருள்) எடுத்தால், அந்தப் பொருள் செல்லாது என்னும் 3420 பிழை வரும். சுழலைத் தொடங்கும் முன் ஓபன்டேட்டாபேஸ் கொண்டு புது பேக் எண்டைத் திறந்து, முடியும்வரை மூடாமல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு டேபிளுக்கும் லாக் கோப்பு (யார் திறந்திருக்கிறார்கள் என்று குறிக்கும் கோப்பு) உருவாகி அழியும். டேபிள்கள் அதிகமானால் பயனர் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும். பேக் எண்ட் இரண்டு மூன்று இருந்தால், பழைய பாதையின் கோப்புப் பெயரைப் பார்த்து அதற்குரியதை மட்டும் மாற்றுங்கள். கடவுச்சொல் இருந்தால் அதையும் கனெக்ட் சரத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த நிரலை, கோப்பு திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோவின் ரன்கோட் செயல் வழியே ஓட்டலாம். அது ஃபங்ஷனை மட்டுமே அழைக்கும், சப்-ஐ அழைக்காது. முதலில் திறக்கும் ஃபார்ம் எந்த லிங்க்டு டேபிளோடும் கட்டப்பட்டிருக்கக் கூடாது.

பலர் கோட்டைவிடும் இடம், லிங்க் சரியா என்று பார்க்கும் சோதனை. ஒரு டேபிள் திறந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய சர்வரில் பேக் எண்டின் நகல் இன்னும் இருந்தால் அதுவும் திறக்கும். சிலர் பழையதிலும் சிலர் புதியதிலும் பதிவு செய்வார்கள், ஒரு பிழைச் செய்தியும் வராது. ஆகவே எல்லா லிங்குகளின் பாதையையும் இருக்கவேண்டிய பாதையோடு ஒப்பிடுங்கள். மூல டேபிள்கள் அனைத்தும் புதுக் கோப்பில் இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால், டேபிள் கிடைக்கவில்லை என்னும் 3011 பிழையோடு பாதி பழையது, பாதி புதியது என்று நிற்கும்.

அலுவலகத்தில் ஒரே சர்வர்தான் என்றால், டிரைவ் எழுத்தை விட்டு சர்வர் பெயரில் தொடங்கும் யுஎன்சி பாதையில் ஒருமுறை இணைத்து, அந்த ஃப்ரண்ட் எண்டையே எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுங்கள். பயனர் கணினியில் நிரல் ஓடவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பேக் எண்டைப் புது இடத்துக்கு நகர்த்தும் நாளில் பழைய கோப்பின் பெயரை உடனே மாற்றிவிடுங்கள். பழைய லிங்கோடு யாராவது இருந்தால் அன்றே பிழைச் செய்தி வந்து தெரிந்துவிடும்.