பாம்பன் கரையில் கோஸ்டாரிகா லீக்: ஒரு சந்தாச் சேவையின் மதிப்பீடு

மத்திய அமெரிக்க நாடுகளின் கால்பந்து லீக்குகளை நேரலையில் காட்டும் சந்தாச் சேவை ஒன்றை 2021–22 சீசனிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். பாம்பனில் ஒரு மீன் கமிஷன் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. பெரும்பாலான ஆட்டங்களைக் கடைச் சுவரில் இருக்கும் டிவியிலும் மீதியைக் கைபேசியிலும் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பல, சிறிய லீக்குகளைக் காட்டும் எந்தச் சேவையிலும் பணம் கட்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டியவை என்பதால், அவற்றை விவரமாகச் சொல்வதே வாசிப்பவருக்குப் பயன் தரும்.

முதலில் நேரக் கணக்கு. கோஸ்டாரிகா நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே ஞாயிறு காலை 7.30க்கு வரும், அங்கே ஞாயிறு முற்பகல் 11 மணி ஆட்டம் இங்கே அன்றிரவு 10.30க்கு. ஐரோப்பிய ஆட்டங்களுக்காக நள்ளிரவு தாண்டியும் கண் விழித்துவிட்டு, விடியுமுன்பே கரைக்கு ஓட வேண்டிய எங்களுக்கு இதைவிடத் தோதான லீக் கிடைக்காது. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில் கரை பிடித்து, இறாலும் நண்டும் எடை போட்டு, ஐஸ் வைத்துப் பெட்டி கட்டும் அந்த நேரத்தில் கடையில் ஆள் நிறைந்திருக்கும், தேநீர் வரும், டிவியில் ஊதா நிறச் சட்டையோடு சாப்ரிஸா அணி களத்தில் இறங்கும். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இந்த நேரப் பொருத்தத்துக்கானது. அதில் நிறுவனத்தின் உழைப்பு ஏதும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறுவனம் உழைக்க வேண்டிய இடம், இந்த லீக்கின் ஏற்பாட்டைப் பார்வையாளருக்குப் புரியவைப்பது. அங்கே ஒரு சீசனில் ஒரு கோப்பை அல்ல, இரண்டு. ஜூலை வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிவது ஆபெர்த்துரா, அதாவது திறப்பு. ஜனவரியில் தொடங்கி வழக்கமாக மே மாதம் முடிவது கிளவுசுரா, அதாவது அடைப்பு. நான் சந்தா கட்டிய சீசனில் 12 அணிகள் ஆடின. லீக் சுற்றில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவை அரையிறுதிக்குப் போகும். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி இந்தக் கட்டத்தில் தோற்றாலும் அதன் கதை முடிந்துவிடாது; அரையிறுதியையும் இறுதியையும் வென்று வந்த அணியோடு அது 'பெரிய இறுதி' ஒன்றை ஆடும். மாதக்கணக்கில் முன்னால் நின்ற அணியை ஒரு வாரச் சறுக்கலுக்காக ஒதுக்கிவிடக் கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது; எனக்கு அந்த விதி பிடிக்கும். செயலியிலோ இரண்டு கட்டங்களுக்கும் 'இறுதி' என்ற ஒரே பெயர்தான் போட்டிருக்கிறார்கள். விதி தெரியாதவர் முதல் இறுதி முடிந்ததும் கோப்பை கைமாறிவிட்டது என்று நினைத்து டிவியை அணைத்துவிடுவார்.

இதைவிடப் பெரிய குறை, கூட்டுப் பட்டியல் இல்லாதது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் அணி எது என்பதை, ஆபெர்த்துராவிலும் கிளவுசுராவிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். கிளவுசுரா அட்டவணையில் நடுவில் நிற்கும் ஓர் அணி ஏன் உயிரைக் கொடுத்து ஆடுகிறது என்பது அந்தக் கூட்டல் தெரியாமல் விளங்காது. பழைய கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, அணிகளின் பெயரை எழுதி, ஒவ்வொரு வாரமும் புள்ளிகளை நானே கூட்டி வந்தேன். ஐஸ் தண்ணீர் பட்டு மை ஊறிப்போன அந்தப் பக்கங்களைக் கடைக்கு வரும் படகுக்காரர்கள் புரட்டிப் பார்த்து, எந்த அணி தப்பும் என்று பேசிக்கொள்வார்கள். சந்தா வாங்கும் சேவை செய்திருக்க வேண்டிய வேலை அது.

படத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த தரத்தில் வைத்தால், நாளொன்றுக்குக் கிடைக்கும் ஒன்றரை ஜிபிக்குள் ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். பந்து தெளிவாகவே தெரியும். வர்ணனை ஸ்பானிய மொழியில் மட்டும்தான். அதற்காகத் தயங்க வேண்டாம். நான்கைந்து வாரங்களில் கார்னர், ஆஃப்சைடு, பெனால்டி ஆகியவற்றுக்கு அவர்கள் சொல்லும் சொற்கள் காதில் ஏறிவிடும்; மீதியைக் குரலின் ஏற்ற இறக்கமே சொல்லிவிடும். மழைக்காலத்தில் இடி மின்னலுக்காக ஆட்டத்தை நிறுத்தி வைப்பது அங்கே சாதாரணம். அப்போதும் ஒளிபரப்பை வெட்டாமல் நனைந்த மைதானத்தையே காட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த நல்ல பழக்கம்.

2022 ஜூலையில் நடந்த கிளவுசுரா இறுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சேவையை நான் விடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். கார்த்தகினேஸ் என்பது மலைநகரமான கார்த்தகோவின் அணி. 1906ல் தொடங்கியது, 1923, 1936, 1940 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்றது, அதன் பிறகு வெல்லவேயில்லை. 1940 வெற்றியின் களிப்பில் வீரர்கள் குதிரையோடு மாதா பேராலயத்துக்குள் நுழைந்ததாகவும், அதைக் கண்டு பாதிரியார் சபித்ததாகவும் ஊரில் ஒரு கதை. மைதானத்தில் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்து வைத்திருப்பதாக இன்னொரு கதை. மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் படகை நிறுத்திவிட்டு வரும் எங்கள் ஊரில் இந்தக் கதைகளை விளக்க எனக்கு நேரமே பிடிக்கவில்லை. இறுதியில் எதிரணி அலஹுவெலென்ஸே, கோப்பைகளைக் குவித்த பெரிய அணி. கார்த்தகினேஸின் பயிற்சியாளர் கெய்னர் செகுரா. முன்வரிசையில் கியூபாவிலிருந்து வந்த மார்செல் எர்னான்டெஸ்.

அன்று காலை கடையில் தராசு ஓய்ந்துவிட்டது. எடை போட வேண்டியவர்களும் எடை போடக் கொண்டுவந்தவர்களும் டிவிக்கு முன்னால் நின்றார்கள். 1940க்குப் பிறகு இவர்களுக்கு ஒரு கோப்பைகூட இல்லை என்று ஐஸ் உடைக்கும் பையனிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் திரும்பி, "தம்பி, அப்ப அது தனுஷ்கோடி அழியிறதுக்கு முந்தி வாங்குன கப்பு" என்றார். 1964 புயலை வைத்தே காலத்தை அளக்கும் ஊரில் இதைவிடச் சரியாக யாரும் அந்தக் காத்திருப்பைச் சொல்லிவிட முடியாது. ஆட்டம் முடிந்து கார்த்தகினேஸ் கோப்பையைத் தூக்கும் வரை ஒளிபரப்பு ஒருமுறைகூடச் சுற்றி நிற்கவில்லை.

ஆனால் அந்த இறுதியைப் பார்க்க நான் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிருந்தது. நான் எடுத்திருந்தது 'முழு சீசன்' சந்தா. கிளவுசுரா மே மாதத்தோடு முடிந்துவிடும் என்ற கணக்கில் அதற்கு மே 31 என்று கெடு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு கோஸ்டாரிகா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற, கத்தாரில் ஜூன் 14 அன்று நியூசிலாந்தோடு ஆட வேண்டியிருந்தது. ஜோயல் கேம்பெல் மூன்றாம் நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் வென்றது. லீக் முடிவதற்கோ ஜூலை வந்துவிட்டது. இந்தத் தாமதம் எதிர்பாராமல் வந்ததன்று, முன்கூட்டியே தெரிந்தது. சந்தாவை நீட்டித்துத் தரும்படி நான் எழுதிய கடிதத்துக்கு, ஒன்பது நாள் கழித்து, என் கேள்வியைத் தொடாத அச்சுப் பதில் ஒன்று வந்தது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாத அந்த இரண்டு மாதமும் கமிஷன் கடையில் வரவு கிடையாது. ஒரு மாதச் சந்தா ஒரு கிலோ நல்ல நண்டின் விலைக்கு மேல் போகாது என்றாலும், கையில் பணம் இல்லாத காலத்தில், ஏற்கெனவே வாங்கிய பொருளுக்கே மறுபடி பணம் கேட்பது தவறு. முழு சீசன் என்று விற்றால் கடைசி ஆட்டம் வரை காட்ட வேண்டும்.

பதிவுகளில் இன்னொரு சங்கடம். கடலில் இருப்பவர்களுக்கு நேரலை பயன்படாது; திரும்பி வந்து முழு ஆட்டப் பதிவைத்தான் பார்ப்பார்கள். செயலியின் முகப்புப் படத்திலேயே கோல் கணக்கைப் போட்டுவிடுவதால், திறக்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. அதை மறைக்க ஒரு பொத்தான் வைக்கச் சொல்லி எழுதினேன், இன்னும் வைக்கவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் ஆட்டத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. அரிச்சல்முனையை நெருங்கும்போது கைபேசி சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, இணையம் நின்றுவிடும்.

இறக்கிவைத்த ஓர் ஆட்டத்தை அந்த முனையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். புந்தாரேனாஸ் அணி 2022ல் முதல் பிரிவுக்குத் திரும்பி வந்திருந்தது. புந்தாரேனாஸ் என்றால் மணல்முனை. பசிபிக் கரையில், நிக்கோயா வளைகுடாவுக்குள் நாக்குபோல நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டில் ஊர், துறைமுகம், மைதானம் எல்லாம் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களுக்கே சேற்றில் எடுக்கும் சிப்பி ஒன்றின் பெயரைப் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள். கேமரா மேலே எழுந்து இரு பக்கமும் தண்ணீரைக் காட்டியபோது, ஒரு கையில் வடகடலும் மறுகையில் தென்கடலுமாக இருந்த எனக்கு ஊரைவிட்டு வெகுதூரம் போனதாகவே தோன்றவில்லை.

அதன் பிறகு சாப்ரிஸா 2022 ஆபெர்த்துராவிலிருந்து 2024 கிளவுசுரா வரை நான்கு கோப்பைகளைத் தொடர்ந்து வென்றது. எல்லாவற்றையும் இதே சேவையில் பார்த்தேன். பெரிய அணியே வென்றுகொண்டிருந்த அந்தக் காலத்திலும் படத்தரத்தில் குறையில்லை. கூட்டுப் பட்டியல் மட்டும் இன்னும் வரவில்லை. சந்தா எடுக்க நினைப்பவர்கள் 'முழு சீசன்' எடுக்க வேண்டாம். மாதச் சந்தாவாக எடுத்து, ஜூன் மாதம் ஆட்டம் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, ஆபெர்த்துரா தொடங்கும் வாரத்தில் மறுபடி கட்டுங்கள். கணக்கு நோட்டில் அடுத்த பக்கத்துக்கு நான் கோடு போட்டு வைத்துவிட்டேன்.